காட்டுத் தீயும் நம் காலி மனையும்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)



கோடை வந்துவிட்டது. பச்சைமலையில் புல் காய்ந்து நிற்கிறது. நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள காலி மனையிலும் அப்படித்தான். அதனால் தீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

யோரம் காஃப்மேன் என்று ஒரு விஞ்ஞானி. இஸ்ரேலில் பிறந்து, 1979-இல் அமெரிக்காவின் நாசாவில் சேர்ந்தவர். பிரேசில் காடுகள் எரிந்த புகையை ஆராய்ந்தவர். தீயின் வெப்பத்தை வானத்திலிருந்தே கண்டுபிடிக்கும் முறையைச் சக விஞ்ஞானிகளோடு சேர்ந்து உருவாக்கினார். 1999 டிசம்பரில் ஏவிய டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி அந்த வேலையைச் செய்தது. 2006-இல் சைக்கிளில் போகும்போது விபத்தில் சிக்கி இறந்துபோனார்.

அவர் உழைப்பின் பலன் நமக்கும் கிடைத்தது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் மோடிஸ் தகவலை வைத்து வனத்துறைக்கு எச்சரிக்கை அனுப்பத் தொடங்கியது. கணக்கில் பணம் எடுத்தால் நம் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறதே, அதுபோல. பதிவு செய்தால் பொதுமக்களுக்கும் வரும்.

ஆனால் இந்தச் செயற்கைக்கோள்கள் நாளுக்குச் சில முறைதான் நம் தலைக்கு மேல் வரும். மேகம் மறைத்தால் தெரியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் தீக்குப் பலியானதை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் ஓட நேரம் கிடைக்காது.

காலி மனையில் நாம் கொளுத்தும் சருகை எந்தச் செயற்கைக்கோளும் பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும். சருகை உரக்குழியில் போடுங்கள். புல்லை இந்த மாதமே வெட்டிவிடுவோம். தீயைக் கண்டால் உடனே 101-ஐ அழையுங்கள்.