மூவண்ணத்தில் நம் நிறம் எது?

(மைசூரில் நடந்த விடுதலை நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொடி ஏற்றியாயிற்று, குழந்தைகளுக்கு மிட்டாயும் கொடுத்தாயிற்று. வழக்கமாக இத்தோடு கலைந்துவிடுவோம். இன்று சற்று நேரம் உட்கார்ந்து அந்தக் கொடியின் கதையைப் பேசுவோம். அதற்குக் காரணம் உண்டு. "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், உங்களுக்கு இங்கே என்ன உரிமை?" என்ற கேள்வி வேலைக்குப் போகும் இடத்திலும் பிள்ளைகள் படிக்கும் இடத்திலும் எப்போதாவது நம் காதில் விழுகிறது. அதற்குக் கோபத்தால் பதில் சொல்லிப் பயனில்லை. வரலாற்றைக் கொண்டு பதில் சொல்லலாம்.

முதலில் நிறத்தின் கதை. 1921-இல் விஜயவாடாவில் காங்கிரஸ் கூடியபோது பிங்கலி வெங்கய்யா என்ற ஆந்திரத் தோழர் ஒரு கொடியைக் காந்தியடிகளிடம் கொடுத்தார். அதில் சிவப்பும் பச்சையும் இருந்தன. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. மற்ற சமயத்தாருக்காக வெள்ளையும், உழைப்பின் அடையாளமாக இராட்டையும் சேர வேண்டும் என்றார் காந்தியடிகள். நல்ல எண்ணம்தான். ஆனாலும் அது பங்கு பிரித்த கொடி. பங்கு என்று வந்துவிட்டால், "என் பங்கு எங்கே?" என்ற கேள்வியும் கூடவே வரும். சீக்கியர்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை.

ஆகவே 1931-இல் காங்கிரஸ் ஒரு முடிவுக்கு வந்தது. காவி, வெண்மை, பச்சை என்று மூன்று நிறங்கள், நடுவில் இராட்டை. எந்த நிறமும் எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லை. காவி வீரத்துக்கும் தியாகத்துக்கும், வெண்மை உண்மைக்கும் அமைதிக்கும், பச்சை நம்பிக்கைக்கும் உரியவை என்று அறிவித்தார்கள். ஆட்களைக் குறித்த நிறங்கள் குணங்களைக் குறிக்கத் தொடங்கின. தோழர்களே, இந்தக் கொடியின் வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான்!

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இதைத் தேசியக் கொடியாக ஏற்றது. இராட்டை இருந்த இடத்தில் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் வந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சக்கரம் ஒன்றுபோலவே தெரியும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அன்று அந்தச் சபையில் கொடிக்கு விளக்கம் சொன்னவர்களில் ஒருவர் திருத்தணியில் பிறந்து, 1918 முதல் 1921 வரை இதே மைசூர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த டாக்டர் ராதாகிருஷ்ணன். பச்சை என்பது மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. சக்கரம் என்பது இயக்கம். தேங்கி நின்றால் சாவு என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

பங்கு பிரித்தால் என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1951-இல் இலங்கை தன் கொடியை முடிவு செய்தது. வாள் ஏந்திய சிங்கம் ஒரு கட்டத்துக்குள். தமிழருக்கு ஒரு செம்மஞ்சள் பட்டை, முஸ்லிம்களுக்கு ஒரு பச்சைப் பட்டை, இரண்டும் அந்தக் கட்டத்துக்கு வெளியே. கொடிக் குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அதை ஏற்கவில்லை. பட்டை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. அதன் பிறகு அந்தத் தீவில் நடந்ததை நாம் அறிவோம்.

இனி நம் மைசூருக்கு வருவோம். இந்தக் கொடி மைசூருக்குச் சும்மா வந்துவிடவில்லை. அன்று இது மன்னர் ஆட்சி. இருதலைப் பறவையான கண்டபேருண்டம் அரசின் சின்னம். மூவண்ணக் கொடி ஏற்றத் தடை. சென்னைக்குப் போகும் ரயிலில் மத்தூர் வந்தால் நாம் வடை வாங்குகிறோம் அல்லவா? அந்த ஊரை ஒட்டியதுதான் சிவபுரம். 1938 ஏப்ரலில் அங்கே மைசூர் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைவர் டி. சித்தலிங்கையா. தடையை மீறிக் கொடி ஏறியது, தலைவர்கள் கைதானார்கள். அந்த நினைவாகத்தான் அங்கே சத்தியாகிரக சௌதம் நிற்கிறது.

அதே மாதம் 25-ஆம் நாள். கௌரிபிதனூருக்கு அருகே விதுராசுவத்தம் என்ற சிற்றூர். அரசமரத்தடியில் கூடிய மக்கள் மீது போலீஸ் சுட்டது. செத்தவர் தொகையை அரசு குறைத்துச் சொன்னது. மக்கள் கணக்கு முப்பதுக்கும் மேல். தென்னாட்டு ஜாலியன்வாலாபாக் என்று அதற்குப் பெயர் வந்தது. அதன் பிறகுதான் சர்தார் படேல் வந்து திவான் மிர்சா இஸ்மாயிலோடு பேசினார். மைசூர்க் கொடியோடு மூவண்ணமும் சேர்ந்து பறக்கலாம் என்று உடன்பாடு ஆயிற்று.

அதோடு முடிந்ததா? இல்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று டில்லியில் கொடி ஏறிவிட்டது. மைசூரில் மக்களாட்சி வரவில்லை. செப்டம்பரில் "மைசூர் சலோ" போராட்டம் மூண்டது. இந்த நகரத்தின் நடுவில் கொடியை ஏற்ற முயன்ற ராமசாமி என்ற மாணவர் சுடப்பட்டு இறந்தார். நாடு விடுதலை பெற்று ஒரு மாதம்கூட முழுதாக ஆகாத நேரம்! நாம் நாள்தோறும் பஸ் ஏறி இறங்கும் ராமசாமி சர்க்கிள் அவர் பெயரைத் தாங்கியதுதான். அக்டோபரில் கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை வந்தது.

இவர்கள் கன்னடம் பேசிய எளிய மக்கள். இவர்களுக்கு முன்பே, 1932 ஜனவரியில், திருப்பூரில் தடியடிபட்டு வீழ்ந்தபோதும் கொடியைக் கைவிடாமல் உயிர் துறந்தான் குமரன். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. மொழி இரண்டு, துணி ஒன்று. இந்தத் துணிக்கு இரண்டு வீட்டாரும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் 1991 டிசம்பரில் நடந்தது என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். காவிரிப் பிரச்சினையில் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் வீடிழந்து, சட்டி பானையோடு எல்லை தாண்டி ஓடின. அந்தப் பக்கம் கன்னடக் குடும்பங்களும் துன்பப்பட்டன. அடிபட்டவர்கள் யார்? அணையைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ளவர்களா? இல்லை, சித்தாள், கொத்தனார், தள்ளுவண்டிக்காரர். அந்த நாட்களிலும் கம்பத்தில் கொடி இருந்தது. ஆனால் கொடி தானாக யாரையும் காப்பாற்றாது. அதன் பொருளை அறிந்த மக்கள்தான் ஒருவரையொருவர் காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு செய்தி. ஆகஸ்ட் 15 அன்று கர்நாடக முதலமைச்சர் கொடியேற்றுகிறாரே, அந்த உரிமை எப்போது வந்தது தெரியுமா? முன்பு அது ஆளுநர் கையில் இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வர்தான் ஏற்ற வேண்டும் என்று தமிழ்நாட்டு முதல்வர் கலைஞர் கருணாநிதி கேட்டார். 1974 முதல் எல்லா மாநில முதல்வர்களுக்கும் அது கிடைத்தது. சென்னையில் எழுந்த குரலின் பயன் பெங்களூருக்கும் சேர்ந்தது.

குடிமக்களாகிய நமக்கோ, விரும்பிய நாளில் வீட்டில் கொடியேற்றும் உரிமை 2002 ஜனவரி 26 முதல்தான். அது கருத்துரிமையைச் சேர்ந்த அடிப்படை உரிமை என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தக் கொடியைத் தைப்பவர் யார்? ஹூப்ளி அருகே பெங்கேரியில், தரச்சான்று பெற்ற கதர்க் கொடிகள் தைக்கப்படுகின்றன. பாகல்கோட்டைப் பக்கம் நெய்த துணி அது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2021 டிசம்பரில் விதியை மாற்றி, இயந்திரத்தில் செய்த பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி கொடுத்தார்கள். வேலை போய்விடும் என்று அந்தத் தொழிலாளர்கள் 2022-இல் குரல் எழுப்பினார்கள். நாட்டின் மானத்தைத் தைக்கும் கைக்கே வேலைக்கு உறுதியில்லை. கூலி வேலை செய்யும் நமக்கு அந்தக் கவலை புரியாதா?

தோழர்களே, நாம் செய்ய வேண்டியவை சில. வாங்கினால் கதர்க் கொடி வாங்குவோம். காவி மேலே இருக்கட்டும்; தரையில் படக்கூடாது; கிழிந்ததைக் குப்பையில் போடக்கூடாது. நவம்பர் 1 அன்று தெருவில் மஞ்சள் சிவப்புக் கொடி ஏறும்போது நாமும் எழுந்து மரியாதை செய்வோம். சோறு போடும் மண்ணின் மொழியை நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். தாய்மொழியையும் விட வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் உடனே சேருங்கள். இந்தக் கொடியின் கீழ் நம் கையில் உள்ள ஆயுதம் அதுதான்.

மூவண்ணத்தில் நம் நிறம் எது என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: தமிழனுக்கென்று தனி நிறம் இதில் இல்லை, கன்னடனுக்கென்றும் இல்லை. யாருக்கும் தனிப்பங்கு இல்லாததால் எல்லாருக்கும் முழுப்பங்கு. இந்த நகரத்தின் கட்டடங்களில் நம் கை பட்டிருக்கிறது. தெருக்களை நம் தாய்மார்கள் கூட்டுகிறார்கள். நாம் இங்கே விருந்தாளிகள் அல்ல, குடிமக்கள்.