ஒட்டாது, ஆனால் தடுக்கும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆறாம் வகுப்பில் பொருள்களைக் காந்தத்தன்மை உள்ளவை, அற்றவை எனப் பிரிக்கச் சொல்கிறோம். அலுமினியம் இரண்டாவது பட்டியலில் சேர்கிறது. அது சரியே. ஆனால் "அலுமினியத்தைக் காந்தம் ஒன்றும் செய்யாது" என்று மாணவர் மனத்தில் பதிந்துவிட்டால், மேல்வகுப்பில் மின்காந்தத் தூண்டல் வெறும் மனப்பாடமாகிவிடும். அதற்கு ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன்.

தடிமனான அலுமினியத் தகடு ஒன்று, ஒட்டுப்பலகை ஒன்று. இரண்டின் மேலும் ஒரே வகைத் தாளை ஒட்டுங்கள். உராய்வில் வேறுபாடு இராது. இரண்டையும் ஒரே சரிவில் சாய்த்து, தட்டையான நியோடிமியம் காந்தத்தைச் சறுக்க விடுங்கள். பலகையில் விரைந்து இறங்கும். தகட்டில் நிதானமாக இறங்கும்.

"தகட்டில் ஒட்டுது சார்" என்பார்கள். உடனே மறுக்க வேண்டாம். தகட்டைக் கிடையாகப் பிடித்து, அடிப்பக்கத்தில் காந்தத்தை ஒட்டவைக்கச் சொல்லுங்கள். கீழே துணி விரித்திருக்கட்டும். காந்தம் விழும். ஒட்டவில்லை, பிறகு எது தடுத்தது? இந்தக் கேள்வி மாணவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

காந்தம் நகரும்போது தகட்டின் ஒவ்வொரு பகுதியிலும் காந்தப்புலம் மாறுகிறது. அதனால் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. 1834இல் லென்ஸ் கூறிய விதிப்படி அவை நகர்வையே எதிர்க்கின்றன. இழந்த இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. 1855இல் ஃபூக்கோ இதைச் சுழலும் செப்புத் தட்டில் காட்டினார்.

பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் நம் கண்மாய்களில் இடுப்பளவு நீரில் நடந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நின்றால் தண்ணீர் தடுக்காது. வேகமாக நடந்தால் கூடுதலாகத் தடுக்கும். காந்தத் தடையும் அப்படித்தான். வேகத்தைக் குறைக்கும், நின்ற பொருளைப் பிடித்து வைக்காது.

பழைய மின்மீட்டரில் சுழலும் அலுமினியத் தட்டை நினைவூட்டுங்கள். அதன் விளிம்பைத் தழுவி ஒரு நிலைக்காந்தம் இருக்கும். அந்தத் தடை இல்லையென்றால் தட்டின் வேகம் கூடிக்கொண்டே போகும். தடை இருப்பதால்தான் நாம் செலவிடும் மின்திறனுக்கேற்ற வேகத்தில் சுழன்று, யூனிட்டைச் சரியாகக் கணக்கிடுகிறது. கிரைண்டரை நிறுத்தியதும் தட்டு வேகம் குறைவதும் அதனால்தான். மீட்டரைக் கண்ணாடி வழியே மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முத்திரையைத் தொடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை: சிறு நியோடிமியம் காந்தங்களைத் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும். செய்முறையை ஆசிரியரே செய்து காட்டுங்கள்.

தகட்டில் சீப்புப்பல்போல் வெட்டுகள் இட்டால் தடை கூடுமா, குறையுமா? விடையைச் சொல்லிவிடாமல், முதலில் மாணவர்களை ஊகித்து எழுதச் சொல்லுங்கள். பிறகு சறுக்கிப் பார்க்கட்டும்.