நொச்சித் தழையும் நாங்கள் கேட்க மறந்த கேள்வியும்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இப்பாடசாலையில் படித்து மருத்துவர்களான எங்கள் சார்பில் சில வார்த்தைகள்.

நாள் முழுவதும் மழையில் நின்று கொழுந்தெடுத்த நம் அம்மாமார், லயத்துக்குத் திரும்பியதும் நொச்சித் தழையை அவித்து, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பதுளைப் பக்கத்து உறவினர் வந்தால் ஒரு கட்டுத் தழையும் வரும். ஆனால் மருத்துவம் படித்துத் திரும்பியபோது அதைக் கைமருந்து என்று ஒதுக்கினோம்.

கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ. டி. ரத்னசூரியவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதை ஒதுக்கவில்லை. முற்றிய பச்சை நொச்சி இலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனனை எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றினால், சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். சாறு குடித்த எலிகளின் வீக்கத்தை, குடிக்காத எலிகளின் வீக்கத்தோடு அளந்து ஒப்பிடுவார்கள். 1962 முதல் உலகெங்கும் வழங்கும் முறை இது. நொச்சிச் சாறு வீக்கத்தைக் குறைத்தது. வீக்கத்தை உண்டாக்கும் புரொஸ்டகிளாண்டின் உருவாவதை அது தடுப்பதும் தெரிந்தது.

அம்மாமாரின் கை அறிந்ததற்கு ஆய்வுகூடம் சாட்சி சொன்னது. ஆனால் அது பாதி வழிதான். எலி குடித்தது சாறு. நம்மவர் கொடுப்பது ஒத்தடம். எலியின் வீக்கம் சில மணி நேரத்தது. முழங்கால் தேய்வோ பல வருடத்தது. எவ்வளவு, எத்தனை நாள், எந்த மருந்தோடு சேரும் என்பதை மனிதரிடம் முறையாகச் சோதித்த பின்பே சொல்ல முடியும்.

இதை எங்களுக்கு உணர்த்தியவர் கொழுந்தெடுக்கும் ஒரு தாய். மலம் கறுப்பாகப் போய், இரத்தம் குறைந்து வந்து சேர்ந்தார். கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் நொச்சிக் கஷாயத்தையும் மாதக்கணக்கில் குடித்திருக்கிறார். அந்த மாத்திரையும் புரொஸ்டகிளாண்டினைத் தடுப்பதுதான். இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதே புரொஸ்டகிளாண்டின்தான். கஷாயமும் சேர்ந்து கெடுத்ததா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"ஏசுவீங்கன்னு பயந்து சொல்லலைங்க, டாக்டரம்மா" என்றார்.

இரத்தம் ஏற்றினோம், பிழைத்தார். பிழை எங்களுடையது. அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும், "வீட்டில் என்ன மருந்து செய்தீர்கள்?" என்று ஏசாமல் கேட்கிறோம்.

தங்கைமாரே, உங்களில் சிலர் நாளை ஆய்வுகூடத்துக்குப் போவீர்கள். இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதை யார், எதற்கு, எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று உங்கள் அம்மாயிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.