பல கருவிகள், ஒரே நாட்காட்டி

நம் நாட்டில் ஏறத்தாழ 30 வகைப் பஞ்சாங்கங்கள் வழங்கிவந்தமையால், மேகநாத் சாகா தலைமையில் 1952-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி அரசாங்க வழக்கிற்கு வந்தது. பல கணக்குகளுக்கிடையே பொது அளவு ஒன்று வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அதே தேவை இன்று தில்லி துவாரகாவின் அடுக்குமாடி இல்லங்களுக்குள்ளும் எழுந்துள்ளது. கைப்பேசி ஒரு நிறுவனத்தினுடையது. கணினி வேறொரு நிறுவனத்தினுடையது. பாட்டியார் மருத்துவரைக் காணவேண்டிய நாள் ஒன்றில் மாற்றப்பட்டு, மற்றொன்றில் பழையபடியே நின்றுவிட்டால், அம்மூதாட்டியாரின் சிகிச்சையன்றோ தவறிப்போகும்!

இதற்கும் பொது அளவு உண்டு. நிகழ்ச்சியை எழுதிவைக்கும் முறையை 1998-இல் ஐகேலெண்டர் வகுத்தது. அதனைக் கருவிகளுக்கிடையே கொண்டுசெல்லும் முறையை 2007-இல் கேல்டாவ் வகுத்தது. ஆகவே, ஒரு கணக்கையே மூல ஏடாகக் கொண்டு, ஏனைய கருவிகளை அதனோடு இணைத்தல் வேண்டும். கோப்பை ஒருமுறை படியெடுத்துச் சேர்ப்பது இணைப்பாகாது. பின்னர் மூலத்தில் செய்யும் திருத்தம் அப்படியை எட்டாது.

நேரக் கணக்கும் கருதத்தக்கது. நியூயார்க்கில் வாழும் மகன் அங்கே இரவு 9 மணிக்குப் பேசினால், தில்லியில் அது கோடையில் மறுநாட்காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நிகழ்ச்சியோடு அவ்வூரின் நேரத்தையும் குறித்துவிட்டால், கருவியே இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

இணைத்தபின் சோதித்தலும் நன்று. ஒரு நிகழ்ச்சியைக் கைப்பேசியில் எழுதி, கணினியில் திருத்துங்கள். அத்திருத்தம் கைப்பேசியிலும் தோன்றினால், பாட்டியாரின் மருத்துவ நாளை அதில் நம்பி எழுதலாம்.