லேப்டாப்புக்குக் கூடுதல் வாரண்டி வாங்கலாமா?

 

பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் லேப்டாப் வாங்கப் போகிறோம். பில் போடும்போது, "இன்னும் சில ஆயிரம் கட்டுங்க பாய், மூணு வருஷத்துக்குக் கவலையில்ல" என்கிறார் கடைக்காரர். தலையாட்டி விடுகிறோம்.

முதலில் மார்க்கம். லேப்டாப்போடு கம்பெனி தரும் வாரண்டி விற்பனையிலேயே அடக்கம். அதில் பிரச்சினை இல்லை. தனியாகக் காசு கட்டி வாங்குவதில்தான் கேள்வி. 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீட்டில் 'கரர்', அதாவது கட்டிய பணத்துக்குப் பலன் கிடைக்குமா என்ற நிச்சயமின்மை, மிகுந்திருப்பதால் கூடாது என்றது. இந்த வாரண்டியும் அதே வகை என்பார்கள் பல ஆலிம்கள். பழுது பார்ப்பதற்கான கூலி என்று அனுமதிப்பவர்களும் உண்டு. உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி காசுக் கணக்கு. சென்னைக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் லேப்டாப் எப்படிக் கெடுகிறது? மின்சார ரயில் நெரிசலில் பை நசுங்கி ஸ்கிரீன் உடைகிறது. வீட்டில் டீ கொட்டுகிறது. சாதாரணக் கூடுதல் வாரண்டி இதற்கெல்லாம் செல்லாது; தானாக வரும் பழுதுக்கு மட்டும்தான். பேட்டரியையும் பெரும்பாலும் ஒரு வருடத்தோடு நிறுத்திவிடுவார்கள். உடைசலுக்கான திட்டம் வேறு, அதற்குப் பணமும் வேறு.

மதர்போர்டு போனால் செலவு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பணத்தை வீட்டிலேயே தனியே எடுத்து வையுங்கள் என்பேன். எது கெட்டாலும் உதவும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வாரண்டி தருவது லேப்டாப் கம்பெனியா வேறு நிறுவனமா என்று பாருங்கள். சரிசெய்து தராமல் இழுத்தடித்தால் 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது. பில் அவசியம். சில பில்களில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.