உண்ணிக் காய்ச்சலுக்கு எந்த மாத்திரை?



மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு காய்ச்சல் தலைகாட்டும். ஆடு மேய்த்தவர், களை எடுத்தவர், புதரோரம் விளையாடிய பிள்ளை என்று யாருக்கும் வரலாம். உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிக் குஞ்சு கடிக்கையில் ஓரியன்சியா என்ற பாக்டீரியா உடம்பில் ஏறிவிடுகிறது.

கடித்தது தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சலும் மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வரும். உடனே பலரும், போன தடவை கேட்ட அமாக்சிசிலினையே மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறார்கள். இந்தக் கிருமிக்கு அது கேட்காது. அமாக்சிசிலின் பாக்டீரியாவின் வெளிச்சுவரைத் தாக்கும் மருந்து. ஓரியன்சியாவோ நம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகுவது. இப்படி வீணாகும் நாட்களில்தான் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பழுதாகின்றன.

உரிய மருந்து டாக்சிசைக்ளின். உயிரணுவுக்குள் நுழைந்து, கிருமி புரதம் உண்டாக்குவதைத் தடுக்கும். காலத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விலை மலிந்த பழைய மாத்திரை. அது இருந்தும் மனிதர்கள் இந்த நோயில் சாகிறார்களே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். நோய் முற்றியவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

டாக்சிசைக்ளினை நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைக் கூடவே சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. காய்ச்சல் விட்டாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும்.

டெங்குவும் இதே மாதங்களில்தான் வருகிறது. அது வைரஸ்; எந்த ஆன்டிபயாடிக்கும் அதை ஒன்றும் செய்யாது. எது எந்தக் காய்ச்சல் என்று அறிய ரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கும் முன்னால் உடம்பே ஓர் அடையாளம் காட்டலாம்: உண்ணி கடித்த இடத்தில், சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு. எல்லாருக்கும் இருக்காது. இருந்தாலும் அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ மார்புக்கு அடியிலோ மறைந்திருக்கும், வலிக்காது. பெண்கள் பலர் கூச்சத்தால் காட்டாமலே இருந்துவிடுகிறார்கள்.

ஆகவே தாய்மார்களே, காய்ச்சல் கண்டால் உடம்பு முழுவதும் பாருங்கள். பொருக்கு தென்பட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காடு கழனிக்குப் போய்வந்ததையும் சொல்லுங்கள்.