பிள்ளைகளின் நித்திரை



இருள் சூழும்போது மூளையில் சுரக்கும் மெலற்றோனின் நித்திரைக்கு உடலை ஆயத்தம் செய்கிறது. கைத்தொலைபேசித் திரையின் ஒளி அந்தச் சுரப்பைத் தாமதிக்கிறது. பிள்ளைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதை விடத் தெளிவானது. ஆகவே பாதிப்பும் கூட. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேர நித்திரையாவது வேண்டும்.

லண்டனில் குளிர்கால மாலை 5 மணி, இங்கே இரவு 10.30. பேரப்பிள்ளையின் முகம் காண அந்நேரம் வரும் அழைப்பு அன்பினால் வருவதே. ஆனால் மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவது அந்தப் பிள்ளை. ஞாயிறு காலை 10 மணிக்கு அங்கிருந்து அழைத்தால் இங்கே பிற்பகல் 3.30தான்.

உலகெங்கும் பரந்து வாழும் நாங்கள் இந்த நூற்றாண்டில் ஒன்று செய்வோம்: பிள்ளைகள் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டுத் திரைகளை, எங்களுடையதையும் சேர்த்து, அணைத்து வைப்போம்.